அம்மா புடவையில குர்தி, அப்பா சட்டையில பாப்பாவுக்கு ஃப்ராக்: பழைய துணிய வெட்டுறதுக்கு முன்னாடி என்ன பாக்கணும், எப்படி தைக்கணும்

அம்மாவோட சின்னாளப்பட்டி சுங்குடி புடவை ஒண்ணு, அரக்கு கலர்ல மஞ்சள் புள்ளி, கட்டிக் கட்டி பஞ்சு மாதிரி ஆயிருந்துச்சு, அத ஆசையா கேட்டு வாங்கிட்டு வந்து ஒரே ராத்திரில குர்தி தச்சு முடிச்சேன். ரெண்டாவது துவையல்லயே கைக்குழி பக்கம் நீளமா கிழிஞ்சு போச்சு. தையல் விடல, நூல் அப்படியே நின்னுச்சு, தையலுக்குப் பக்கத்துல துணிதான் விட்டுருச்சு. அப்புறம் உக்காந்து பாத்தப்பதான் புரிஞ்சது, அந்த கை வந்த துண்டு புடவையில கொசுவம் சொருகுற இடத்துல இருந்து வந்திருக்கு, வருஷக்கணக்கா தினம் இழுபட்ட இடம் அது. அதே புடவையோட உள்முனையில நல்ல துணி ரெண்டு மீட்டர் சும்மா கெடந்துச்சு.

அதனால தைக்கிறத பத்தி பேசுறதுக்கு முன்னாடி துணிய பாக்குறத பத்திதான் நிறைய சொல்லப் போறேன். புதுத்துணினா ஒரு முனையில இருந்து மறுமுனை வரைக்கும் ஒரே பலம், எங்க வேணா வெட்டலாம். பழைய துணி அப்படி இல்ல, ஒரே புடவையில ஒரு இடம் புதுசு மாதிரி இருக்கும், ஒரு ஜான் தள்ளி இத்துப் போயிருக்கும்.

வெளிச்சத்துல புடிச்சு பாருங்க

புடவைய துவைச்சு காய வச்சு, காலை வெயில் நேரத்துல கொடியில ஒத்தையா விரிச்சு போட்டு நீங்க வெயிலுக்கு எதிர்ப்பக்கம் நில்லுங்க. இழை விலகின இடம், சேஃப்டி பின் குத்தின ஓட்டை, நைஞ்ச இடம் எல்லாம் பளிச்சுனு தெரியும். பொதுவா புடவையில எங்கெங்க போகும்னா, பாவாடைக்குள்ள சொருகுற மேல்கரை ஓரமா நாலு அஞ்சு இன்ச், தோள்ல பின் குத்துற இடம், தரையில உரசுற கீழ்கரை, அதுவும் ஃபால்ஸ் வைக்காம கட்டினதுனா கண்டிப்பா. நல்லா இருக்குற இடம்னா உள்முனை, அதாவது முதல் சுத்து சுத்தி மேல இன்னொரு சுத்து வந்து மூடிக்கிற இடம், வெயிலும் படாது உரசலும் கம்மி. ஃபால்ஸ் பிரிச்சீங்கன்னா அதுக்கு அடியில மட்டும் கலர் கொஞ்சம் தூக்கலா இருக்கும், அதையும் கணக்குல வச்சுக்கோங்க.

வெளிச்சம் பாத்தது பத்தாது, இழுத்தும் பாக்கணும். ரெண்டு கட்டைவிரலையும் பக்கத்துல பக்கத்துல வச்சு துணிய புடிச்சு, நெடுக்கு வாக்குல ஒரு தடவ, குறுக்கு வாக்குல ஒரு தடவ நிதானமா இழுங்க. நல்ல துணி கொஞ்சம் கொடுத்துட்டு நிக்கும். இழை பிரிஞ்சு வலை மாதிரி தெரிஞ்சாலோ டர்ருனு லேசா சத்தம் கேட்டாலோ அந்த இடம் முடிஞ்சது, அத ஆசைப்பட்டு சேத்துக்காதீங்க. தேஞ்ச சோப்புத் துண்டு இருக்கும்ல, அத வச்சு சுத்தி வட்டம் போட்டு விட்டுருங்க. புடவை முழுக்க இப்படி பண்ண அரை மணி நேரம் ஆகும், ஆனா அந்த அரை மணி நேரம்தான் நீங்க தைக்கப் போறது எத்தன நாள் உழைக்கும்னு முடிவு பண்ணுது.

இப்ப உங்ககிட்ட மூணு மாதிரி துணி இருக்கும். பலமான இடம் உடம்போட மேல்பாகத்துக்கு, ஏன்னா முதுகு, கைக்குழி, தோள் இதுலதான் இழுவை ஜாஸ்தி. சுமாரான இடம் சுருக்கு வச்ச கீழ்ப்பாகத்துக்கு, அது சும்மா தொங்கப்போகுது, அவ்ளோதான். இத்துப் போன இடம் உடுப்புக்கு வேண்டாம், மிதியடிக்கோ துடைக்கிறதுக்கோ வச்சுக்கலாம். ஒண்ணு மட்டும் சொல்றேன், இத்துப் போன புடவைய குழந்தைக்கு தூளி கட்டிடாதீங்க, மெத்துனு இருக்கேன்னு நிறைய பேர் அதத்தான் தேடி எடுக்குறாங்க, எடை தாங்காது. தூளிக்கும் இதே மாதிரி இழுத்து பாத்துதான் எடுக்கணும்.

தைக்கிறதுக்கு முன்னாடி

பழைய காட்டன் வழவழனு நழுவும், மெஷின் பாதத்துக்கு அடியில சுருண்டு போகும், நேரா வெட்டவும் வராது. அதுக்கு கஞ்சி போடுங்க. சோறு வடிச்ச கஞ்சியோ ஜவ்வரிசி கஞ்சியோ, நல்லா தண்ணியா கலந்து வடிகட்டி முக்கி எடுத்து, நிழல்ல காயவச்சு, முழுசா காயறதுக்கு முன்னாடி லேசா ஈரமா இருக்கும்போதே அயர்ன் பண்ணுங்க. பேப்பர் மாதிரி நிக்கும், கோடு போடவும் வெட்டவும் அவ்ளோ சுலபம். தச்சு முடிச்சு ஒரு தடவ அலசினா கஞ்சி போயிரும்.

லைனிங்குக்கு கடையில புதுத்துணி வாங்குறீங்கன்னா அத ஒரு ராத்திரி தண்ணியில ஊறப்போட்டு காயவச்சு அயர்ன் பண்ணாம தொடவே தொடாதீங்க. புடவை எத்தனயோ துவையல் பாத்து சுருங்க வேண்டியது எல்லாம் சுருங்கிருச்சு, புது லைனிங் இனிமேதான் சுருங்கும், அப்படியே சேத்து தச்சா முதல் துவையல்லயே உள்ள இழுத்துக்கிட்டு மேல்துணி பொம்முனு உப்பி நிக்கும். சாயம் போகுதானும் பாத்துருங்க, வெள்ளை கர்ச்சீப்ப நனைச்சு புடவை மேல அழுத்தி தேச்சா தெரிஞ்சுரும்.

ஊசி புதுசா மாத்துங்க. மெல்லிசு காட்டனுக்கும் பட்டுக்கும் 11-ஆம் நம்பர், சட்டைத் துணிக்கு 14. மெஷின்ல ஏற்கனவே 16 மாட்டியிருந்தா அதுலயே தச்சுராதீங்க, ஓட்டை பெருசு பெருசா விழும், அந்த ஓட்டை வரிசையில இருந்துதான் கிழிய ஆரம்பிக்கும். தையலும் ரொம்ப நெருக்கமா வேண்டாம், ஸ்டாம்ப் ஓரத்துல புள்ளி புள்ளியா ஓட்டை இருக்கும்ல அது மாதிரி ஆயிரும், தையல் நீளத்த மாத்துற ரெகுலேட்டர 3-ல வச்சுக்கோங்க. நூல் நான் சாதா நூல்தான் போடுவேன், ரொம்ப முறுக்கான கெட்டி நூல் போட மாட்டேன், இழுவை வந்தா நூல் அறுந்தா பரவால்ல, திரும்ப ஒரு தையல் போட்டுக்கலாம், துணி அறுந்தா என்ன பண்றது.

தையல் பிரிக்கும்போது ஒவ்வொரு தையலா நோண்டாதீங்க. ஒரு பக்கம் நாலு அஞ்சு தையலுக்கு ஒண்ணா அறுத்து விட்டுட்டு, மறுபக்கம் நூல மெதுவா இழுத்தா முழுசா உருவிக்கிட்டு வரும். காட்டன்ல பழைய ஊசி ஓட்டை தெரிஞ்சா தண்ணி தெளிச்சு நகத்தால தேச்சுட்டு அயர்ன் பண்ணுங்க, பெரும்பாலும் மூடிக்கும். பட்டுல மூடாது.

புடவையில சுருக்கு குர்தி

முதல் தடவை தைக்கிறவங்களுக்கு ஸ்லிட் வச்ச நேர் குர்திய விட மேல பாடி, கீழ சுருக்கு வச்ச மாடல்தான் நான் சொல்லுவேன். பலமான துணி மேல, சுமாரான துணி கீழன்னு பிரிச்சுக்கலாம், உடம்பு வளைவுக்கு மடிச்சு தைக்கிற டாட் எதுவும் பிடிக்க வேண்டாம், இடுப்புல ஃபிட்டிங் கொஞ்சம் முன்ன பின்ன இருந்தாலும் தெரியாது. கணக்கு 36 இன்ச் மார்பளவுக்கு சொல்றேன், உங்க அளவுக்கு மாத்திக்கோங்க. மொத்த நீளம் 44 இன்ச், அதுல பாடி 15, கீழ்ப்பாகம் 29.

புடவை அகலம் 46 இன்ச் இருக்குனு வச்சுப்போம், நீளம் அஞ்சரை மீட்டர், அதாவது கிட்டத்தட்ட 216 இன்ச். கீழ்ப்பாகத்துக்கு புடவை நீளவாக்குல 90 இன்ச் எடுத்துக்கிட்டு, கீழ்கரையில இருந்து மேல 30 இன்ச் உயரத்துக்கு வெட்டுங்க. கரை அப்படியே குர்தியோட கீழ்ப்பக்கம் வந்துரும், கரை ஓரம் நெய்யும்போதே முடிஞ்சு வந்ததால ஹெம்மிங் அடிக்க வேலையே இல்ல, எனக்கு இந்த மாடல்ல ரொம்ப புடிச்சது இதுதான். மேல மிச்சம் 16 இன்ச் பட்டை வரும், அதுல சொருகின ஓரம் நாலு இன்ச்ச தள்ளிட்டா 12 இன்ச் நிக்கும், பலமா இருந்தா அதுலயே ரெண்டு கையும் வெட்டிரலாம்.

பாடிக்கு நல்லா பலமான இடமா பாத்து முன்பக்கம் ரெண்டு, பின்பக்கம் ரெண்டுனு நாலு துண்டு. ஆமா, டபுள் துணி. அந்த கிழிஞ்ச சுங்குடிக்கு அப்புறம் நான் ஒத்தைத் துணியில பாடி வெட்டுறதே இல்ல. ஒவ்வொரு துண்டும் 22 இன்ச் அகலம் 16 இன்ச் உயரம், புடவை அகலத்துல ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா ரெண்டு வந்துரும், அப்ப நாலு துண்டுக்கும் சேத்து புடவை நீளத்துல 44 இன்ச் போதும். மொத்தம் 134 இன்ச் ஆச்சு, மிச்சம் 82 இன்ச் இருக்கு, வட்டம் போட்ட இடத்தையெல்லாம் தாராளமா ஒதுக்கலாம். அதுக்காகத்தான் இந்தக் கணக்க இவ்ளோ விளக்கமா சொன்னேன், துணி பத்தாதோன்னு பயந்து இத்த இடத்த சேத்துக்கத் தேவையே இல்ல.

துண்ட ரெண்டா மடிச்சா 11 இன்ச் வரும். அது எப்படினா மார்பளவுல கால்வாசி 9, லூசுக்கு 1, தையலுக்கு 1. பழைய துணிக்கு கொஞ்சம் லூசாவே வைங்க, இறுக்கமா இருந்தா முதல்ல முதுகுதான் விடும். மடிப்புல இருந்து தோள் ஏழரை இன்ச், கழுத்து அகலம் 3, முன்கழுத்து ஆழம் 6, பின்கழுத்து மூணரை, தோள் சரிவு அரை இன்ச், கைக்குழி ஆழம் 8. முன்பக்க கைக்குழிய மட்டும் அரை இன்ச் கூட உள்வாங்கி வளைச்சு வெட்டுங்க. இந்த நம்பர் எல்லாம் தலைய சுத்துதுனா உங்களுக்கு சரியா இருக்குற ஒரு குர்திய மடிச்சு மேல வச்சு சுத்தி வரைஞ்சு முக்கால் இன்ச் தள்ளி வெட்டுங்க, இருபது வருஷமா தைக்கிறவங்களே அப்படித்தான் பண்றாங்க. கைக்கும் அதே குர்தியோட கைய வச்சே வரைஞ்சுக்கோங்க, அதுதான் சரியா உக்காரும்.

தைக்கிற வரிசை: மேல்துணியில முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் தோள்ல சேருங்க, உள்துணியிலயும் அதே மாதிரி. இப்ப ரெண்டையும் நல்ல பக்கம் நல்ல பக்கத்த பாத்த மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு வச்சு கழுத்த சுத்தி மட்டும் கால் இன்ச் விட்டு தைங்க. வளைவுல அங்கங்க கத்தரிக்கோல் நுனியால சின்னதா வெட்டு குடுங்க, தையல வெட்டிராதீங்க. திருப்பி போட்டு அயர்ன் பண்ணா கழுத்து முடிஞ்சது, ஓரத்துக்கு சாய்வா வெட்டி வைக்கிற கிராஸ் பீஸ், பைப்பிங் எதுவுமே வேண்டாம். அப்புறம் ரெண்டு துணியையும் ஒரே துணியா நெனச்சு கைக்குழி ஓரத்துலயும் பக்கத்துலயும் ஒரு ஓட்டத்தையல் போட்டு பிடிச்சு வச்சுக்கிட்டு, கைய வச்சு தச்சு, கை நுனியில இருந்து இடுப்பு வரைக்கும் பக்கத்தையல் ஒரே மூச்சுல போட்டுருங்க. முதுகுல எங்கயாவது லேசா சந்தேகமா இருந்துச்சுனா அங்க ரெண்டு துணியையும் சேத்து கையால நெருக்கமா ஓட்டத்தையல் வரிசை வரிசையா போடுங்க, வங்காளத்துல பழைய புடவைகள அடுக்கி காந்தா தைக்கிறது இதே வேலைதான், அங்க அந்தக் காலத்துல நூலக்கூட புடவைக் கரையில இருந்து உருவி எடுத்துக்குவாங்க. பாக்கவும் அழகா இருக்கும், துணியும் பிடிச்சு நிக்கும்.

கீழ்ப்பாகத்துக்கு 90 இன்ச்ச சேத்து ஒரு பக்கத்துல ஒரே தையல். மேல் ஓரத்துல மெஷின்ல இருக்குறதுலயே பெரிய தையலா வச்சு கால் இன்ச் இடைவெளியில ரெண்டு வரிசை போடுங்க, ஆரம்பத்துலயும் முடிவுலயும் முன்ன பின்ன தச்சு லாக் பண்ணாதீங்க, நூல நீளமா விடுங்க. ஒரு வரிசை போதும்னு தோணும், ஆனா ஒரு வரிசைய நம்பி இழுத்து பாதியில நூல் அறுந்தா முதல்ல இருந்து செய்யணும். பாடிய நாலா மடிச்சு நாலு இடத்துல குண்டூசி, கீழ்ப்பாகத்தையும் நாலா மடிச்சு நாலு இடத்துல குண்டூசி, ரெண்டையும் சேத்து குத்திட்டு அடியில வர்ற பாபின் நூல இழுத்து சுருக்க பரத்தி விட்டு, சுருக்குப் பக்கம் மேல தெரியுற மாதிரி வச்சு தைங்க. ஓரம் பிரியாம இருக்க பக்கத்து டெய்லர் கடையில ஓவர்லாக் அடிச்சு வாங்கிக்கலாம். பாக்கெட் வேணும்னா அந்த பக்கத்தையல்ல வைங்க, வைக்கும்போது பாக்கெட்டோட மேல்நுனிய இடுப்புத் தையலோட சேத்து பிடிச்சுருங்க, ஃபோன் கனத்த பக்கத்துணி மட்டும் தாங்காது.

சட்டையில ஃப்ராக்

ஆம்பளைங்க சட்டையில காலர் மடிப்பும் கை நுனியும் போயிரும், உடம்பு துணி அப்படியே இருக்கும். முன்னல்லாம் டெய்லர்கிட்ட குடுத்து காலர திருப்பி வச்சு தச்சு இன்னும் ரெண்டு வருஷம் போட்டாங்க, அந்தப் பழக்கம் போனது எனக்கு வருத்தம்தான். மூணு நாலு வயசு பாப்பாவுக்கு ஃப்ராக் தைக்க ஒரு சட்டை தாராளம்.

பட்டன எல்லாம் போட்டு சட்டைய தரையில விரிங்க. சட்டையோட பட்டன் பக்கம்தான் ஃப்ராக்கோட முதுகு, அதனால தனியா ஜிப் வேண்டாம், காஜா எடுக்க வேண்டாம், எல்லாம் ரெடியா இருக்கு. பாப்பாவுக்கு சரியா இருக்குற கை இல்லாத ஒரு ஃப்ராக்க எடுத்து, கீழ் ஓரம் சட்டையோட கீழ் ஓரத்துலயும் நடுமத்தி பட்டன் பட்டி நடுவுலயும் வர்ற மாதிரி வச்சு, சுத்தி முக்கால் இன்ச் தள்ளி வரைங்க. கீழ விரிவா வேணும்னா சட்டை அகலம் எவ்ளோ இருக்கோ அவ்ளோ விட்டுரலாம். முன்கழுத்த மட்டும் கொஞ்சம் இறக்கி வெட்டுங்க. வெட்டும்போது பட்டன் மேல கத்தரி போகாம பாத்துக்கோங்க, கழுத்து ரெண்டு பட்டனுக்கு நடுவுல வந்து மேல்நுனி திறந்து நின்னா அங்க ஒரு ஹூக்கும் நூல் வளையமும் வச்சுருங்க.

சட்டைப் பாக்கெட் ஃப்ராக்கோட முதுகுல மாட்டும். அத பிரிச்சு எடுத்தா அடியில வெளுக்காத துணி சதுரமா தெரியும், அதனால பிரிக்கிறதுக்கு முன்னாடி லேசா ஓரத்த தூக்கி பாருங்க. ரொம்ப வித்தியாசமா இருந்தா சட்டைய உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி திருப்பி தைக்கலாம், உள்பக்கம் அவ்ளோவா வெளுத்திருக்காது, ஆனா அப்ப பட்டன பிரிச்சு மறுபக்கம் வைக்கணும். கழுத்துக்கும் கைக்குழிக்கும் பட்டி சட்டையோட முழுக்கையில இருந்து, குறுக்குச் சாய்வா, ஒண்ணேகால் இன்ச் அகலத்துல வெட்டிக்கோங்க. நேரா வெட்டின பட்டி வளைவுல படியாது, நெளிஞ்சுக்கிட்டு நிக்கும்.

பட்டுப்புடவைய அவசரப்பட்டு வெட்டாதீங்க

பாட்டி பட்டுல பேத்திக்கு பாவாடை தைக்கணும்னு எல்லாருக்கும் ஆசை இருக்கும். பழைய பட்டு மடிப்புலதான் விடும், பீரோவுல ஒரே மடிப்புல வருஷக்கணக்கா இருந்தது, அதுவும் ஜரிகை கனமா இருந்தா மடிப்புக் கோட்டுலயே வெட்டுப்பட்ட மாதிரி இருக்கும். மடிப்பு மடிப்பா பாத்து அந்தக் கோடுகள தவிர்த்து வெட்டுங்க. அசல் வெள்ளி ஜரிகையா இருக்கலாம்னு தோணுச்சுனா முதல்ல தெரிஞ்சவங்ககிட்ட காட்டிருங்க, அதுக்கப்புறம் கத்தரிய எடுக்கலாம்.

பாவாடைக்கு முழு லைனிங் போடுங்க, பட்டுத்துணிய லைனிங்க விட அரை இன்ச் அகலம் கூட வச்சுக்கிட்டா இழுவை எல்லாம் லைனிங் மேல போகும். இடுப்புல நாடா வேண்டாம், காட்டன்ல பாடி வச்சு தைங்க, கனம் தோள்ல தொங்கும், குழந்தைக்கு இடுப்பும் அறுக்காது. நீளத்துல நாலு இன்ச் கூட எடுத்து உள்பக்கமா மடிச்சு தச்சு டக்கு பிடிச்சு வைங்க, வளர வளர ஒவ்வொண்ணா பிரிச்சு விடலாம். டக்குக்கு மட்டும் கையால தைங்க, முன்னாடியே சொன்னேன்ல, பட்டுல மெஷின் ஊசி ஓட்டை மூடவே மூடாது.

எது தச்சாலும் அதே துணியில ரெண்டு இன்ச் சதுரமா மூணு நாலு துண்டு வெட்டி, உள்பக்கத் தையல்ல ஓரமா சேத்து தச்சு விட்டுருங்க. உடுப்போடவே துவைபட்டு அதே அளவுக்கு வெளுத்துக்கிட்டு வரும், நாளைக்கு முழங்கையிலயோ முதுகுலயோ ஒட்டுப் போட வேண்டி வந்தா கலர் தேடி அலைய வேண்டாம்.